மாவுவிளை மேட்டில் வழுக்கிய கிளட்ச்

அத்தியாயம் 6

எஸ்.ஐ. சாருக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் ஐந்தாவது முறையாக அதே சந்தேகம் வந்தது. சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவன் எவனாவது மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறி நடப்பானா? ஐந்து முறை கேட்டார், ஐந்து முறையும் அவரே சிரித்தார். சுற்றி நின்ற போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். மேலதிகாரி சிரிக்கும்போது சும்மா நிற்பது அவர்களுக்கு நல்லதில்லை.

நான் ஜெயன். நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி சத்யபாமா சேச்சி. பதினாறு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வண்டிச் சேதம் பார்க்கும் சர்வேயராக இருந்து, மேனேஜரிடம் அவர் ஒரு முட்டாள் என்று எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டு வெளியே வந்து துப்பறிய ஆரம்பித்தவர். பை தூக்குவது, பஸ் நேரம் பார்ப்பது, சேச்சி சிரிக்காத ஜோக்குகளைச் சொல்வது, இவை என் வேலைகள்.

கேஸ் இதுதான். திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு மாவுவிளை மேட்டின் உச்சியில், கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த விஜயம்மாவின் ஏழு பவுன் சங்கிலி பறிபோனது. மஃப்ளர் சுற்றிய ஒருவன் கீழிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தான், அறுத்தான், நேரே போய்விட்டான். சிவப்பு வண்டி, பின்னால் நீலப் பெட்டி, குப்பென்று மீன் நாற்றம் என்று விஜயம்மா சொன்னார். அந்த வட்டாரத்தில் இது மூன்றும் சேர்ந்த ஒரே ஆள் பயஸ், கடற்கரையிலிருந்து தினமும் மீன் கொண்டுவந்து வீடு வீடாக விற்பவன். விஜயம்மாவின் கணவர் பொன்னப்பன் பெரிய கான்ட்ராக்டர், மந்திரி வந்தால் மாலையோடு முன்வரிசையில் நிற்பவர். அதனால் போலீஸுக்கு அன்று கால் முளைத்துவிட்டது. ஒன்பது மணிக்கே பயஸைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பயஸ் சொன்ன கதை எஸ்.ஐ.க்கு அவ்வளவு சிரிப்பாக இருந்தது. மூன்று வாரமாகக் காலை நேரத்தில் வண்டியின் கிளட்ச் வழுக்குகிறதாம். என்ஜின் கத்துமாம், சக்கரம் நகராதாம். சமதரையில் எப்படியோ உருட்டிக்கொண்டு வந்துவிடுவானாம், மேடு மட்டும் ஏறவே ஏறாதாம். அதனால் வண்டியை அடிவாரத்தில் பூட்டியிருக்கும் ரேஷன் கடை முன்னால் விட்டுவிட்டு, ரப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதை வழியாகக் கூடையோடு நடந்துதான் போனானாம். பார்த்தவர் யாரும் இல்லை.

போலீஸ் திங்கட்கிழமை பதினோரு மணிக்கே வண்டியைச் சோதித்துவிட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களையும் அவர்கள் தொப்பைகளையும் சேர்த்து வண்டி மேட்டில் ஏற்றிவிட்டது. ஆகவே பயஸ் பொய்யன், ஆகவே திருடன். புதன்கிழமை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் கேட்பது என்று முடிவாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தது. பொன்னப்பன் பின்னால் நிற்கும் கேஸில் உள்ளே போனால் பயஸ் எப்போது வெளியே வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் மனைவி மினி திங்கட்கிழமையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். எங்களைத் தேடி வந்தவளும் அவள்தான்.

சேச்சி ஸ்டேஷன் முற்றத்தில் நின்ற வண்டியை உதைத்தார். மூன்றாவது கியர் போட்டார். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்ச் லிவரை மெதுவாக விட்டார். என்ஜின் ஒரு இருமல் இருமி நின்றுபோனது. கிளட்ச் வழுக்கினால் என்ஜின் நிற்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நின்றுபோனால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். இது எஸ்.ஐ.க்கும் தெரிந்திருந்தது என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

"கண்டோ மேடம்?" என்றார் எஸ்.ஐ. ஆறாவது முறை சிரித்தார்.

சேச்சி குனிந்து, லிவரில் கேபிள் சேரும் இடத்தில் மூக்கை வைத்தார். பிறகு பயஸிடம், யாரிடம் காட்டினாய் என்று மட்டும் கேட்டார். குன்னத்துகால் ரோட்டில் மோகனனிடம் இரண்டு தடவை கொண்டுபோனதாகவும், இரண்டு தடவையும் ஒரு குறையும் இல்லை என்று அவன் திருப்பி அனுப்பியதாகவும் பயஸ் சொன்னான். எத்தனை மணிக்கு என்று கேட்டார். வியாபாரம் முடிந்து பதினொன்றரைக்கு என்றான்.

மோகனனின் ஒர்க்‌ஷாப் வாசலில் ‘கிளட்ச் ஸ்பெஷலிஸ்ட்’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஆள் உள்ளே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பவுடர். மெக்கானிக்கின் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லையென்றால் அழுக்கு வேறு எங்கேயோ இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை மெதுவாகச் சேச்சியிடம் சொன்னேன். வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

மோகனன் எழுந்திருக்கவும் இல்லை. மேடம் ஓட்டுவது ஸ்கூட்டரா, சைக்கிளா என்று விசாரித்தான். பயஸ் கிளட்ச்சுக்காகத் தன்னிடம் வந்ததே கிடையாது என்றான். ஹாரன் ஒயர் மாற்ற ஒரு தடவை வந்தான், அவ்வளவுதான். அந்த வண்டியைத் தான் ஓட்டிப் பார்த்ததுகூட இல்லை. இதையே திங்கட்கிழமை ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டானாம்.

"வழுக்கலோ கிழுக்கலோ உண்டும்னா நான் அறியாம இருக்குமா? ரோட்டுல போற வண்டிக்கக் கிளட்ச் சத்தத்தக் கேட்டு ஓட்டுதவனுக்கப் பேரச் சொல்லுத ஆளாக்கும் நான்" என்றான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது என் தீர்ப்பைச் சொன்னேன். இரண்டு தடவை வண்டி வந்தும் இந்தப் பெரிய ஸ்பெஷலிஸ்டுக்குக் குறை பிடிபடவில்லை. அது வெளியே தெரிந்தால் மூன்று மொழியிலும் மானம் போகும். அதனால் வண்டி வரவே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். ஒரு மீன்காரன் ஜெயிலுக்குப் போனால் அவனுக்கென்ன, போர்டு தப்பித்ததே. சேச்சியும் அப்படித்தான் நினைப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தார்.

"அதென்னலே பரட்டைத் தல? ஒரு சொட்டு எண்ண வச்சா என்ன?"

"காலையில குப்பியக் கவுத்துப் பிடிச்சாலும் வரல்ல சேச்சி. மார்கழியில்லியா, கட்டியா உறஞ்சு கெடக்கு. பதினோரு மணி வெயிலுக்குத் தானா உருகும். அந்நேரம் நான் ஒங்க பையத் தூக்கிட்டு ஸ்டேஷன்ல நிக்கேன்."

சேச்சி அசையாமல் நின்றார். எங்கள் பஸ் வந்தது, நின்றது, போனது. அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் என்று நான் சொன்னதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"கேபிள்ல மணத்தது அதாக்கும்" என்றார். "தேங்காயெண்ண."

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதவுக் கீல் கத்தினால் தேங்காயெண்ணெய். தையல் மிஷின் இறுகினால் தேங்காயெண்ணெய். பிள்ளைக்குச் சிரங்கு வந்தாலும் கிழவருக்கு மூட்டு வலித்தாலும் அதே குப்பிதான் அடுக்களையிலிருந்து வரும். உலகத்தில் வேறு எண்ணெய் இருக்கிறது என்று சொன்னால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஸ்டேஷன் வாசலில் மினியிடம் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் லிவர் கடினமாக இருந்து பயஸின் இடது கை வீங்கிவிட்டதாம். அவன் மத்தியானம் தூங்கும்போது காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேபிளுக்குள் அரைக் கரண்டி தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறாள். லிவர் பஞ்சாகிவிட்டது. பயஸும் வண்டி தானாகவே சரியானதாக நினைத்துக்கொண்டான். அவளும் சொல்லவில்லை, வண்டியில் கை வைத்தால் அவனுக்குப் பிடிக்காது.

சேச்சி அவளுக்கு விளக்கினார். மார்கழிக் குளிரில் எண்ணெய் கேபிளுக்குள் உறைந்துவிடுகிறது. லிவரை விட்டாலும் உள்கம்பி முழுவதும் திரும்பிப் போகாமல் பாதியில் மாட்டிக்கொள்கிறது. நம் கை லிவரை விட்டுவிட்டது, ஆனால் கிளட்ச்சுக்கு இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான். தட்டுகள் சேர்ந்து அமுங்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வெயில் ஏறினால் எண்ணெய் உருகிவிடும், வண்டி யோக்கியமாகிவிடும். மெக்கானிக் பார்ப்பதும் போலீஸ் பார்ப்பதும் வெயிலில்.

"இத ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா மக்கா" என்று அவளிடமும், "ஒனக்கும் சேர்த்தாக்கும்" என்று என்னிடமும் சொன்னார். எஸ்.ஐ.யிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வண்டி ராத்திரி முற்றத்திலேயே நிற்கட்டும், காலை ஆறு மணிக்கு மேட்டடியில் சோதித்துப் பார்ப்போம். எஸ்.ஐ. சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். ஒரு பொம்பளை நாலு பேர் முன்னால் அசடு வழிவதைப் பார்க்க அவர் பொன்னப்பனைக் கூப்பிட்டார், நிபுணர் என்று மோகனனையும் கூப்பிட்டார்.

புதன்கிழமை காலை மேட்டடியில் பனி விழுந்துகொண்டிருந்தது. பொன்னப்பன் கம்பளி போர்த்திக்கொண்டு காரைவிட்டு இறங்காமல் இருந்தார். எஸ்.ஐ. தலையில் குரங்குக் குல்லா. அது அவருக்குப் பொருந்தியது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அவரே வண்டியில் ஏறினார். உதைத்தார், கியர் போட்டார், லிவரை விட்டார், ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். என்ஜின் ஊரை எழுப்பியது. வண்டி நாலடி ஊர்ந்து நின்றது, பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. எஸ்.ஐ. இரண்டு காலையும் ஊன்றித் தடுத்தார். இன்னொரு தடவை முயன்றார், அதே கதிதான். போலீஸ்காரர்கள் இப்போது சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

"சார், இப்போ மீன் கூடைய நீங்க தலையில ஏத்துவீங்களா, மாட்டீங்களா?" என்று சேச்சி கேட்டார்.

மினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.  ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மோகனன் சிரித்தான். சாருக்கு ஜீப்தான் பழக்கம், வண்டியை இப்படித் தாருங்கள் என்றான். எஸ்.ஐ. இறங்கியதும் ஏறினான். உதைத்தான். கியர் போட்டு லிவரை விட்டான். விட்ட கையோடு இடது கை நாலு விரலையும் லிவருக்கு உள்பக்கம் கொடுத்து, விரலின் முதுகால் வெளியே ஒரு தள்ளுத் தள்ளினான். மாட்டியிருந்த உள்கம்பி விடுபட்டு வண்டி பிடித்துக்கொண்டது. சிவப்பு வண்டியும் நீலப் பெட்டியும் மேட்டில் ஏறி, உச்சியில் வளைந்து, திரும்பி இறங்கி வந்தன.

"கேறியல்லோ மேடம்" என்றார் எஸ்.ஐ. அவருக்கு உயிர் வந்துவிட்டது. பொன்னப்பன் கார்க் கதவைத் திறந்து இறங்கினார். மினி அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எங்கள் கையிலிருந்த ஒரே சாட்சி அந்த மேடு. அது கட்சி மாறிவிட்டது.

சேச்சி கொஞ்ச நேரம் மோகனனின் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தன்னுடைய கணக்கு தப்பு என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை இந்த வண்டி மேடு ஏறவே இல்லை என்று நிரூபிக்கத்தான் வந்தேன், ஏறித்தான் இருக்கிறது, விஜயம்மா சொன்ன மீன் நாற்றம் நிஜம்தான் என்றார். எஸ்.ஐ. பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"ஆனா பயஸுக்கு ஏறாது. ஒங்களுக்கும் ஏறல்ல. இவருக்கு மட்டும் ஏறுது. அந்த விரல் லிவருக்குப் பின்னால போனத எல்லாரும் பாத்தோம். இந்த வண்டிய ஓட்டினதே இல்லன்னு எழுதிக் கொடுத்தவருக்கு அந்த விரல் வித்தைய யாரு படிச்சுக் கொடுத்தது?"

மோகனன் தோளைக் குலுக்கினான். எந்த மெக்கானிக்குக்கும் உள்ள கைப்பழக்கம்தான், காரணம் ஒன்றும் இல்லை என்றான். எஸ்.ஐ.யும் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார். பத்து மணிக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், புதிய திருடனைப் பிடிப்பதைவிடப் பழைய திருடனை வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபம்.

சேச்சி அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். மோகனனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எஸ்.ஐ.யிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"செரிதான் சார். இவர விட்டுருவோம், பாவம். வண்டிக்குக் கொறை என்னான்னே இவருக்குத் தெரியாது. ரெண்டு மட்டம் கொண்டு காட்டியும் கண்டுபிடிக்கல்ல. நாணக்கேட்டுல வண்டி வரவே இல்லன்னு சொல்லிட்டாரு. நான் மார்த்தாண்டத்துலேருந்து நல்ல ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வாறேன்."

ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். மோகனனின் கழுத்தில் பவுடருக்கு மேலே சிவப்பு ஏறியது.

"ஆருக்குத் தெரியாது?" என்றான். "கேபிளுக்குள்ள தேங்காயெண்ண உறஞ்சு கெடக்கு. வெயில் தட்டினா உருகிப்போவும். முதல் நாளே மணத்திப் பாத்து அறிஞ்சவனாக்கும் நான். இந்த எல்லை முழுக்கத் தேடினாலும் வேற எவனுக்கு அது பிடிகிட்டும்?"

அந்த நிமிஷம் அவன் முகத்தில் பெருமை மட்டும்தான் இருந்தது. பயம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. தேங்காயெண்ணெய் என்ற வார்த்தையை அதுவரை அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜெயிலா, மோசமான மெக்கானிக் என்ற பெயரா என்று கேட்டால், ஒரு நொடியும் யோசிக்காமல் ஜெயிலைத் தேர்ந்தெடுத்த மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன்.

"வராத வண்டிய என்னைக்கு ஓய் மணத்திப் பாத்தீரு?" என்றார் சேச்சி. "அறிஞ்ச பின்ன எதுக்கு அதச் செரியாக்கல்ல?"

 மீதியைச் சேச்சியே சொன்னார், மோகனன் எதையும் மறுக்கவில்லை. குறையைச் சரியாக்கியிருந்தால் பயஸ் வண்டியிலேயே மேடு ஏறிப் போயிருப்பான். சரியாக்காமல் விட்டதால் தினமும் ஆறு மணிக்கு ஆளில்லாத ரேஷன் கடை முன்னால் வண்டி தனியாக நின்றது. தேய்ந்த பூட்டு, டீ ஸ்பூன் நுழைத்தால் திறக்கும். லிவரைத் தள்ளும் வித்தையை இரண்டு நாள் காலையில் ஓட்டிப் பார்த்துப் பழகியிருக்கிறான். பயஸ் கூடையோடு இறங்கி வருவதற்குள் வண்டி மறுபக்கம் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. களியக்காவிளையில் பெரிய ஒர்க்‌ஷாப் போட ஆசையாம் அந்தக் கலைஞனுக்கு. சங்கிலி அவன் கடையில் கிரீஸ் டப்பாவின் அடியில் கிடந்தது. எஸ்.ஐ. தன் கையாலேயே துழாவி எடுத்தார். யூனிஃபார்ம் கெட்டுப்போனதில் எனக்கு ஒரு திருப்தி.

பத்து மணிக்குக் கோர்ட் பேச்சே இல்லை. பயஸை வெளியே விட்டபோது யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பொன்னப்பன் காரில் ஏறிப் போய்விட்டார். எஸ்.ஐ. தான் ஆரம்பத்திலிருந்தே மோகனனைச் சந்தேகப்பட்டதாகப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேச்சி ஸ்டேஷன் முற்றத்திலேயே வண்டியின் கிளட்ச் கேபிளைக் கழற்றினார். ஒரு முனையை உயரத்தில் பிடிக்கச் சொல்லி மண்ணெண்ணெயை உள்ளே விட்டார். கீழே வெள்ளையாக ஒழுகியது. அது தெளிவாக வரும்வரை விட்டு, உதறி, பிறகு சில சொட்டு என்ஜின் ஆயில் விட்டு மாட்டினார். கடைசியில் லிவர் பக்கத்து நட்டைத் திருகி இறுக்கத்தைச் சரிபார்த்தார். மினி பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, எந்தக் குப்பியிலிருந்து எதை விடுகிறார் என்று கவனமாகப் பார்த்தாள்.

லாக்கப் ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தது. மோகனன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடிபட்டதிலிருந்து யார் என்ன கேட்டும் வாய் திறக்காதவன் இப்போது திறந்தான்.

"அது அரைச் சுத்து கூடுதலாக்கும். லூசாக்கணும். இல்லெங்கி வெயில்லயும் வழுக்கும்."

எல்லோரும் திரும்பினோம். சேச்சி லிவரை அழுத்திப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைப் பயஸிடம் நீட்டினார். பயஸ் நட்டை அரைச் சுற்று தளர்த்தினான். லிவரில் இருக்க வேண்டிய சிறிய ஆட்டம் வந்தது. மோகனன் சொன்னது சரியாகவே இருந்தது.

பயஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான். போலீஸ்காரர் ஒருவர் தடுக்க வந்தார். அவன் கை ஓங்கவில்லை, குரலும் உயர்த்தவில்லை.

"ரெண்டு நாளா எனக்க வீட்டுக்காரி இந்த வாசல்ல வெயில் கொண்டு நின்னா, மோகனா. நீ திங்கக்கிழம இங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு அவளக் கடந்தாக்கும் போன. அப்பத் தொறக்காத வாய் இப்போ ஒரு நட்டுக்காகத் தொறக்குதே."

மோகனன் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். பயஸ் திரும்பி வந்து, மினியை ஏறச் சொல்லி, வண்டியை உதைத்தான்.